பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்கு டியூஷனா? வேண்டாம்

தம்பி, பி.இ. முடித்தும், வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வின் கணக்கில் 170-க்கு 153-ஐத் தாண்டவில்லை, சனி ஞாயிறு பாலக்கோட்டிலிருந்து பெங்களூரு போய் டியூஷன் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கிற நேரத்தில் ஒரு மாதிரித் தேர்வே எழுதிவிடலாம்.

உங்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. நீங்கள் போட்ட தவறுகளின் பட்டியலில் பாதி, இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்விகளில்தான். நம் காலேஜில் அப்படிக் கேட்டதே கிடையாதே! ஒரு பக்கம் ஓர் எண்ணின் வர்க்கம், மறுபக்கம் அதே எண். எண் பூஜ்ஜியத்தைவிடப் பெரியது என்று மட்டும் சொல்லியிருக்கும். 2 போட்டால் வர்க்கம் பெரிது, உடனே டிக் அடித்துவிடுவோம். அரை போட்டுப் பாருங்கள், கால்தான் வரும். ஆக, விடை ‘தீர்மானிக்க முடியாது’. நானும் முதல் தடவை இதில்தான் விழுந்தேன். முழு எண்ணோடு நிறுத்தாமல் 1, பின்னம், இடம் கொடுத்தால் மைனஸ் எண் என்று போட்டுப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும்.

2023 செப்டம்பரிலிருந்து கணக்குக்கு மொத்தம் 27 கேள்வி, 47 நிமிடம். முதல் பிரிவில் 12 கேள்விக்கு 21 நிமிடம். அதை எழுதுவதைப் பொறுத்துத்தான் அடுத்த பிரிவின் கடினம் அமையும், அங்கே அவசரப்படாதீர்கள். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடவேண்டாம்.

ஜிஆர்இ நடத்தும் இடிஎஸ் தளத்தில் பவர்பிரெப் என்ற மாதிரித் தேர்வு இரண்டு இலவசம். ஒன்றை இந்த வாரமே எழுதுங்கள். அப்புறமும் ஆள் வேண்டுமென்றால், தர்மபுரியில் பிளஸ் டூ கணக்கு எடுக்கும் நல்ல வாத்தியார் ஒருவரிடம் தவறுகளைக் குறித்து வைத்த நோட்டோடு போய் உட்காருங்கள், போதும்.