நிலையம் கைமாறினால் எழுத்து யாருக்கு?

வானொலிப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் என் மகள் குடியிருக்கும் ஊரில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தை வேறொருவர் வாங்கிவிட்டார். ஆனாலும் பழைய நான்கெழுத்துப் பெயரைத்தான் இன்னும் சொல்கிறார்களாம். வாங்கியவர் அந்த எழுத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தாரா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த நான்கெழுத்து, அதாவது நிலையத்தை அடையாளம் காட்டும் அழைப்பெழுத்து (கால் சைன்), ஒலிபரப்பு உரிமத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினாலும் சர்வே எண் அப்படியே இருப்பதுபோல, நிலையம் கைமாறினாலும் எழுத்து அங்கேயே நிற்கும். ஒரே வித்தியாசம், சர்வே எண்ணை வாங்கியவர் இஷ்டப்படி மாற்ற முடியாது, இதை மாற்றிக்கொள்ளலாம்.

விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் உரிம மாற்றத்துக்கு விண்ணப்பிப்பார்கள். விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு வந்ததும், ஆட்சேபணை சொல்ல 30 நாள் உண்டு. ஒப்புதல் கிடைத்த பிறகே பணமும் சாவியும் கைமாறும். அன்றைக்கு எழுத்தும் தானாக வாங்கியவரிடம் போய்விடும். அதற்கென்று தனிப் பத்திரம் வேண்டியதில்லை. புது உரிமையாளருக்கு வேறு எழுத்து வேண்டுமென்றால், ஆணையத்தின் இணையதளத்தில் யாரிடமும் இல்லாத ஒன்றைத் தேர்ந்து, எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே என்றால் முதலெழுத்து டபிள்யூ, மேற்கே என்றால் கே. 1920-லிருந்து பிட்ஸ்பர்க்கில் ஒலிக்கும் கே.டி.கே.ஏ. போன்ற சில பழைய நிலையங்கள் மட்டும் இந்தக் கோட்டுக்கு அடங்காதவை.

சிக்கல் வருவது மூன்று இடங்களில். முதலாவது, பங்காளி எழுத்து. ஏ.எம்., எஃப்.எம்., தொலைக்காட்சி மூன்றும் ஒரே முதலாளியிடம் இருந்தால் ஒரே எழுத்தைப் பின்னொட்டு மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை மட்டும் விற்றால், வாங்கியவர் விரைவாக வேறு எழுத்து கேட்டாக வேண்டும். அல்லது மூல எழுத்தை வைத்திருப்பவரிடமும், அதையே பயன்படுத்தும் மற்ற நிலையத்தாரிடமும் சம்மதம் பெற வேண்டும். விலை பேசும்போதே இந்தச் சம்மதக் கடிதத்தைக் கேட்டு வாங்காதவர்கள்தான் பிறகு அவஸ்தைப்படுவார்கள்.

இரண்டாவது, விற்பவர் எழுத்தை மட்டும் கையோடு எடுத்துப்போக நினைப்பது. அது முடியும், ஆனால் ஆணையம் எழுத்தைச் சும்மா பூட்டி வைத்துக்கொடுக்காது. அதைச் சூட்ட அவரிடம் இன்னொரு நிலையம் இருக்க வேண்டும். அதனால்தான் புகழ்பெற்ற எழுத்துகள் சில சமயம் யாரும் கேட்காத ஒரு குட்டி நிலையத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும்! எழுத்து நிலையம் விட்டு நிலையம் போவதற்கு, நியூயார்க்கில் 1988-இல் நடந்தது நல்ல உதாரணம். என்.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்திடமிருந்து 660 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தை வாங்கிய எம்மிஸ் நிறுவனம், 1050-இல் தான் நடத்திவந்த விளையாட்டு வானொலியின் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற எழுத்தை 660-க்குக் கொண்டுவந்தது. அங்கே பல ஆண்டுகள் ஒலித்த டபிள்யூ.என்.பி.சி. அத்தோடு வானொலியிலிருந்து மறைந்தது.

மூன்றாவது, வணிகச் சின்னம். எந்த எழுத்து யாருக்கு என்ற தகராறைத் தீர்த்துவைக்கும் வேலையை ஆணையம் 1983-இலேயே கைகழுவிவிட்டது. ஒரே ஊரில் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு பெயர்கள் வந்தால் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: எழுத்துக்கென்று தனிப் பணம் தேவையில்லை. ஆனால் அந்த எழுத்து, கோஷம், இணைய முகவரி, சமூக ஊடகக் கணக்கு எல்லாம் ஒப்பந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உரிமத்தோடு வருவது எழுத்து மட்டுமே. பெயரின் மதிப்பு அதோடு வராது.

கேள்வி: எழுத்தை மாற்றியபின் நிலையத்துக்குள் என்னென்ன மாற்ற வேண்டும்? புது எழுத்து வந்து மாதக்கணக்காகியும் காரில் பழைய எழுத்தே தெரிவதாகக் கேள்விப்பட்டேன்.
– எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ மாணவர், குன்னூர்

பதில்: காரணம் ஆர்.டி.எஸ். கருவி. எஃப்.எம். அலையோடு எழுத்துச் செய்தி அனுப்பும் அந்தக் கருவியில் பி.ஐ. என்று ஓர் அடையாள எண் உண்டு. அமெரிக்காவில் அந்த எண்ணை அழைப்பெழுத்திலிருந்தே கணக்கிடுகிறார்கள். சில கார் ரேடியோக்கள் அந்த எண்ணைத் திருப்பி எழுத்தாக்கிக் காட்டும். திரையில் ஓடும் பெயரை மட்டும் திருத்திவிட்டு இந்த எண்ணை மறந்தால் பழைய பெயர் பேய்போலத் தொடரும்.

கணக்கு எளிது. ஆங்கில அகரவரிசையில் முதலெழுத்துக்கு 0, இரண்டாவதுக்கு 1, கடைசி எழுத்துக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூவுக்குப் பின் வரும் முதல் எழுத்தின் எண்ணை 676-ஆலும், அடுத்ததை 26-ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டி, அதோடு 21672 சேர்க்க வேண்டும். கே நிலையம் என்றால் 4096 சேர்க்க வேண்டும். மேலே சொன்ன டபிள்யூ.எஃப்.ஏ.என். எழுத்துக்கு: எஃப் 5, ஏ 0, என் 13. 3380 + 0 + 13 + 21672 = 25065. கருவியில் இதைப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாக மாற்றி இட வேண்டும்; பத்தடிமானத்திலேயே இட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு.

அடுத்தது அவசர எச்சரிக்கைக் கருவி. அது அனுப்பும் ஒவ்வொரு செய்தித் தலைப்பிலும் 8 எழுத்துக்கான இடத்தில் நிலைய அடையாளம் போகும். அதையும் மாற்ற வேண்டும். பிறகு மணிக்கொரு முறை ஒலிக்கும் அடையாள அறிவிப்பு: எழுத்தும், உடனே உரிமம் பெற்ற ஊரின் பெயரும் வர வேண்டும். நடுவே அலைவரிசை எண்ணோ உரிமையாளர் பெயரோ வரலாம், வேறெதுவும் கூடாது. தானியங்கி மென்பொருளில் நள்ளிரவுக்கென்று ஒளிந்திருக்கும் பழைய ஒலிப்பதிவைத் தேடி அழியுங்கள். பகலில் எல்லாரும் கவனிப்பார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் விடியற்காலை 3 மணிக்கு.

கேள்வி: டபிள்யூ.ஒய்.எஃப்.ஆர். சிற்றலை நிலையத்தின் கியூ.எஸ்.எல். அட்டை (ஒலிபரப்பைக் கேட்டதற்கு நிலையம் தரும் சான்று அட்டை) என்னிடம் இருக்கிறது. அந்த நிலையம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறதா? புது அட்டை கேட்கலாமா?
– சிற்றலை நேயர், கொடைக்கானல்

பதில்: இயந்திரங்கள் இருக்கின்றன, அந்த நிலையம் இல்லை. ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு அமைப்பின் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2013 ஜூன் 30-இல் நின்றது. ஃப்ளோரிடாவில் ஒகீச்சோபி என்ற இடத்திலிருந்த அதன் வளாகத்தை டபிள்யூ.ஆர்.எம்.ஐ. என்ற இன்னொரு சிற்றலை நிலையம் வாங்கியது. வாங்கியவருக்கு ஏற்கெனவே சொந்த எழுத்து இருந்ததால் அதையே அங்கே கொண்டுபோனார், பழையது முடிந்தது. ஆக, பழைய ஒலிபரப்புக்குச் சான்று தருவது புதியவர் வேலையல்ல. புது அட்டை வேண்டுமென்றால் டபிள்யூ.ஆர்.எம்.ஐ. ஒலிபரப்பைக் கேட்டு, தேதி, நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரத்தோடு எழுதுங்கள்.

உங்கள் அட்டையின் பூர்வீகமே ஒரு விற்பனைக் கதைதான். அந்த நிலையம் முன்பு மாசசூசெட்ஸில் டபிள்யூ.ஆர்.யூ.எல். என்று இருந்தது, 1966-இல் டபிள்யூ.என்.ஒய்.டபிள்யூ. ஆனது, 1973-இல் ஃபேமிலி ரேடியோ வாங்கியபோதுதான் உங்கள் அட்டையிலுள்ள எழுத்து வந்தது. கழற்றிப்போட்ட டபிள்யூ.என்.ஒய்.டபிள்யூ. வீணாகவில்லை. நியூயார்க்கின் 5-ஆம் அலைவரிசைத் தொலைக்காட்சியை 1986-இல் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் வாங்கியபோது, டபிள்யூ.என்.இ.டபிள்யூ. என்ற பழைய எழுத்து விற்காத வானொலியோடு நின்றுவிட்டது; தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது இந்த எழுத்தைத்தான். மேலே சொன்ன பங்காளிச் சிக்கல் இதுவே.

அட்டையை லேமினேட் செய்துவிடாதீர்கள். கொடைக்கானல் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்குமே என்று பலர் அப்படிச் செய்து கெடுக்கிறார்கள். பாலியெஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். மழை மாதங்களில் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் தனியார் எஃப்.எம். விற்கப்பட்டால்?
– வாசகர், ஊட்டி

பதில்: இங்கே நேயர் காதில் விழுவது அழைப்பெழுத்தே அல்ல, வணிகப் பெயர். ஒலிபரப்ப அனுமதி தருவது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். 15 ஆண்டு அனுமதி. அமைச்சகத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. பெயர் வேறு பாதையில் போகும்: வணிகச் சின்னப் பதிவகத்தில் டி.எம்.-பி படிவம் கொடுத்து மாற்றிப் பதிய வேண்டும். அனுமதி மாறிப் பெயர் மாறாமலும், பெயர் மாறி அனுமதி மாறாமலும் இருக்கலாம். கோத்தகிரியின் 90.4 போன்ற சமுதாய வானொலிக்கு இந்தக் கேள்வியே எழாது; அந்த அனுமதியை விற்கவே முடியாது.

எழுத்து நம்மிடமும் ஒரு காலத்தில் இருந்தது. 1927-இல் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி தொடங்கிய பம்பாய் நிலையம் 7பி.ஒய்., கல்கத்தா 7சி.ஏ. பின்னர் அவை வி.யூ.பி., வி.யூ.சி. ஆயின, சென்னைக்கு வி.யூ.எம். வந்தது. அந்தக் கம்பெனியோ 1930-இலேயே நொடித்து, நிலையங்கள் அரசின் கைக்கு வந்தன. இன்று கொடைக்கானலின் கோடை பண்பலை ஊர்ப் பெயரையும் 100.5 என்பதையும் சொன்னால் போதும்.

கேள்வி: காலமான அப்பாவின் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) செட்டும் வி.யூ.2 கால் சைனும் எனக்கு வருமா?
– வாசகர், கூடலூர்

பதில்: செட் சொத்து, கால் சைன் சொத்து அல்ல. அது தேர்வெழுதிய ஆளுக்குத் தரப்பட்டது, வாரிசு கிடையாது. நீங்கள் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கி, தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொது நிலை என்றால் வி.யூ.2, கட்டுப்பட்ட நிலை என்றால் வி.யூ.3 வரிசையில் புதுக் குறி வரும். அதுவரை அந்தச் செட்டை இயக்காதீர்கள், மைக்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.