கற்பிட்டிக்குக் கைட் சர்ஃபிங் பயணம்: டெல்டாக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் பற்றி நாகப்பட்டினம் முதல் தஞ்சாவூர் வரை பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இலங்கையின் வடமேற்குக் கரையில் உள்ள கற்பிட்டி. எனக்கும் மிகவும் பிடித்த இடம் அது.

கேள்வி (கும்பகோணம், வங்கி ஊழியர்): தீபாவளியையொட்டி ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும். அப்போது போகலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். கற்பிட்டிக்கு இரண்டு காற்றுக்காலங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, பெரும்பாலான நாட்களில் 18 முதல் 25 நாட் வேகத்தில் அடிக்கும். மணிக்கு ஏறத்தாழ 33 முதல் 46 கிலோமீட்டர். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை வடகிழக்குக் காற்று, அது சற்று மென்மையானது. தீபாவளி இந்த இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. காற்று திசை மாறும் காலம் அது, மழையும் இடியும் சேர்ந்தே வரும். இடியோசை கேட்டால் பட்டத்தை உடனே இறக்கிவிட வேண்டும். முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு விடுப்புக்கு எழுதுங்கள். பொங்கலுக்குக் கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி (மன்னார்குடி, விவசாயி): சம்பா அறுவடை முடிந்து பிப்ரவரியில்தான் எனக்கு ஓய்வு. வயது 46. ஆற்றில் நன்றாக நீந்துவேன். இனிமேல் கற்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் ஐயா. பிப்ரவரி நல்ல மாதம், நீச்சலும் கைவசம் இருக்கிறது. கைபலத்தை நம்பி இறங்குபவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். இழுவையை இடுப்பில் கட்டும் பட்டை தாங்கிக்கொள்ளும். கைகள் திசையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் நேரே கற்பிட்டிக்குப் போகாமல் ராமேசுவரத்தில் கற்றுக்கொண்டு போங்கள். அதுவும் தீவுதான். ஆழம் குறைந்த, அலையற்ற நீர் அங்கே இருக்கிறது, பயிற்சி தருபவர்களும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய தாம்பரம் – ராமேசுவரம் ரயில், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகவே போகிறது. அடிப்படைப் பாடத்துக்குப் பொதுவாக 9 முதல் 12 மணி நேரம் ஆகும். தினம் இரண்டு மூன்று மணி நேரம் என்றால் நான்கைந்து நாட்கள். முதலில் மணலில் சிறிய பட்டம், அடுத்து பலகையில்லாமல் நீரில் இழுபட்டுப் பழகுவது, பலகை அதற்குப் பிறகுதான். பட்டத்தின் இழுவையை ஒரே தள்ளலில் விடுவிக்கும் பாதுகாப்புப் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டும் இயக்கத் தெரிய வேண்டும். அது கைவரும்வரை பலகையைத் தொடாதீர்கள்.

கேள்வி (நாகப்பட்டினம், கல்லூரி மாணவர்): ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். நம் கரையிலேயே அத்தனை காற்று இருக்கும்போது இலங்கைக்கு எதற்குப் போக வேண்டும்?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நீ கேட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி. கேட்காமலே பட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆடியில் நமக்கு அடிப்பது மேற்கிலிருந்து வரும் கச்சான். நம் கடல் கிழக்கே இருக்கிறது. அதாவது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. கரையருகே மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் விட்டுவிட்டு வீசும், உள்ளே போகப் போக வலுக்கும். பட்டம் ஒருமுறை நீரில் விழுந்து, மறுபடி எழும்பவில்லை என்றால் உன்னை வங்கக்கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். கடலிலிருந்து கரைக்குச் சாய்வாகவோ கரையோடு இணையாகவோ வீசும் காற்றுதான் நமக்கு வேண்டும். உங்கள் ஊர் மீனவர்களிடம் கேள், கச்சானில் படகு எப்படி ஒதுங்கும் என்று அவர்கள் சொல்வார்கள்.

கோடியக்கரை பக்கம் போகலாமே என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அது வனவிலங்கு சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம். பனிக்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் அங்கே இரை தேடுகின்றன. தலைக்குமேல் பட்டம் பறந்தால் அவை கூட்டமாகக் கலைந்து ஓடும். அந்தச் சேற்றுப்பரப்பைப் பறவைகளுக்கே விட்டுவிடுவோம்.

கேள்வி (மயிலாடுதுறை, மாணவி): என் எடை 50 கிலோ. எந்த அளவுப் பட்டம் வாங்கலாம்?

பதில்: இப்போது எதுவும் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். 20 நாட் காற்றில் உங்களுக்கு 6 அல்லது 7 சதுர மீட்டர் போதும். 75 கிலோ உள்ளவருக்கு அதே காற்றில் 9 வேண்டியிருக்கும். முழுக்கை நீச்சல் சட்டை, தலைக்கவசம் இரண்டையும் மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருவாரூர், ஆசிரியர்): நாகையிலிருந்து கப்பலில் போகலாமா, விமானமா?

பதில்: நாகை – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடற்பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் காங்கேசன்துறை இலங்கையின் வடமுனையில் இருக்கிறது. அங்கிருந்து அனுராதபுரம், புத்தளம் வழியாகக் கற்பிட்டிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் அந்த வழி அருமை. இல்லையென்றால் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கற்பிட்டிக்குக் காரில் மூன்று மணி நேரம் போல ஆகும். வடகிழக்குப் பருவமழையில் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு, அதை நம்பித் திரும்பும் நாளைக் குறிக்காதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது கைட் சர்ஃபிங் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்கள் இதுபோன்ற விளையாட்டுகளை ஒதுக்கிவிடுகின்றன.

கேள்வி (வேளாங்கண்ணி, இல்லத்தரசி): மகன் தண்ணீரில் இருக்கும்போது நான் அங்கே என்ன செய்வது? மொழிப் பிரச்சினை வருமா?

பதில்: வராது அம்மா. கற்பிட்டியில் தமிழ் பேசும் மக்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி, மீன்வலைகள் எங்கே கட்டியிருக்கின்றன என்று கேட்டு மகனிடம் சொல்லுங்கள். வலையில் பட்டக்கயிறு சிக்கினால் இருவருக்கும் நட்டம். அருகே தலவிலயில் புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. மார்ச், ஆகஸ்ட் திருவிழா நாட்களில் கூட்டம் அலைமோதும், அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரையென்றால் காலையில் படகில் போய் டால்பின்கள் பார்க்கலாம்.