நெடுந்தீவில் கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவருக்கு வாண்மை விருத்திக்கு என்ன வழி?

கணிதத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாமல் நேரடியாக நெடுந்தீவுப் பாடசாலையொன்றுக்கு நியமனம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், செயலமர்வுகளுக்குப் போய்வந்தும் வகுப்பறையில் மாற்றம் தெரியவில்லை என்றும், இனி எந்தப் பயிற்சியில் நேரத்தையும் பணத்தையும் செலவிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் கணித ஆசிரியைதான். யாழ்ப்பாணத்தின் தீவகக் கல்வி வலயத்தில் ஐந்து ஆண்டுகளும் வலிகாமக் கல்வி வலயத்தில் பதினாறு ஆண்டுகளும் கற்பித்திருக்கிறேன். உங்களுடைய இதே கேள்வி எனக்கு என் நான்காவது ஆண்டில் எழுந்தது. மனநிறைவான விடை கிடைக்க மேலும் மூன்று ஆண்டுகள் சென்றன.

தவிர்க்க முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை நீங்கள் எப்படியும் முடிக்க வேண்டும். இலங்கை ஆசிரியர் சேவையில் உங்கள் பதவியுயர்வு அந்தக் கல்வியியற் தகைமையோடு பிணைந்திருக்கிறது. தள்ளிப்போடுகிறவர்கள் பிறகு குடும்பமும் பிள்ளைகளும் வந்த காலத்தில் அதைச் செய்ய மிகவும் சிரமப்படுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் ஆகிய மூன்றும் இதனை நடத்துகின்றன. நான் திறந்த பல்கலைக்கழகத்தின் கொக்குவில் பிராந்திய நிலையத்தில் படித்தேன். வார நாட்களில் தீவில் விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் படகேறிக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வீடு சேர்ந்து, மறுநாள் காலை விரிவுரைக்குப் போய் அமர்வது எவ்வளவு களைப்பானது என்பது உங்களுக்கு விளங்கும். ஆனாலும் தொலைக்கல்வி முறையில் பெரும்பகுதியை அச்சிட்ட பாடநூல்களைக் கொண்டு வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதால், தீவில் பணிபுரிகிறவருக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

அந்தக் கற்கைநெறியில் எனக்கு மிகவும் பயன்பட்டது கற்பித்தல் பயிற்சி. மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் பாடம் முடிந்தபின், "நீங்கள் வினாவைக் கேட்டுவிட்டு விடையையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள், பிள்ளை" என்று மட்டும் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகுதான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் எழுதியதை வாசித்தேன். ஆசிரியர்கள் வினாவொன்றைக் கேட்டபின் பெரும்பாலும் ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதனை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினால் மாணவரின் விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்றும், வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் அவர் கண்டறிந்திருந்தார். மூன்று செக்கன் என்பது எழுதும்போது சிறியது. வகுப்பின் முன் நின்று மௌனமாக எண்ணிப் பார்த்தால் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

செயலமர்வுகளைப் பற்றிய உங்கள் சலிப்பு நியாயமானது. புதிய பாடத்திட்டமோ ஆசிரியர் வழிகாட்டியோ வரும்போது, மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் பயிற்சி பெற்றவர்கள் மாகாணத்துக்கும், மாகாணத்தில் பயிற்சி பெற்றவர்கள் வலயத்துக்கும், வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர்கள் எங்களுக்கும் அதனைக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு படியிலும் நாட்கள் குறைகின்றன. மேலே பல நாட்கள் செய்து பார்த்துக் கற்றது எங்களிடம் வரும்போது ஒரு நாள் உரையாகிவிடுகிறது. 2007 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு, ஆங்கில 'ஈ' (E) எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளைக் கொண்ட ஐந்து 'ஈ' மாதிரி வந்த காலத்தில் இதனை நேரில் கண்டேன். மாணவரைத் தாமாகவே தேடிக் கற்கச் செய்வதை வலியுறுத்திய அந்த முறையை, நான் பங்குபற்றிய ஒரு செயலமர்வில் காலை முதல் மாலை வரை திரையில் வாசித்தே காட்டினார்கள். அறுபது ஆசிரியர்கள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒருவரும் ஒரு செயற்பாட்டையேனும் செய்து பார்க்கவில்லை. வளவாளரைக் குறைகூற மாட்டேன். அவருக்கும் அது அவ்வாறே வாசித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வகுப்பறைகளில் அந்த மாதிரி வேரூன்றாமற் போனதற்கு ஆசிரியரின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்லும்போதெல்லாம் அந்த மண்டபம்தான் என் நினைவுக்கு வருகிறது.

ஆயினும் செயலமர்வுக்குப் போவதை நிறுத்திவிட வேண்டாம். வகுப்பிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை எட்டாந் தர மாணவர்களின் பயிற்சிக் கொப்பிகள் ஐந்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் சேர்த்து, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் விடை அரையிலும் குறையுமா என்ற ஐயம்கூட அவர்களுக்கு எழவில்லை. தேநீர் இடைவேளையில் கொப்பிகளை ஆசிரிய ஆலோசகரிடம் காட்டினேன். அவர் விதியை மீண்டும் சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. விடையைக் கணிக்குமுன் அது அரையிலும் கூடுமா குறையுமா என்று மதிப்பிடச் சொல்லும்படியும், எண்கோட்டில் குறிக்கச் செய்யும்படியும் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் முழுநாள் செயலமர்வைவிட எனக்குப் பெறுமதியாக இருந்தது. ஆசிரிய ஆலோசகர் வருகிறார் என்றால் பாடக்குறிப்புக் கொப்பியைத் தேடி ஓடுகிற பழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. அவர் வரட்டும் என்று காத்திராமல், இன்ன அலகு எனக்குச் சரிவரவில்லை, ஒரு பாடவேளை வந்து பாருங்கள் என்று நீங்களே அதிபர் ஊடாகக் கேட்டால், பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. என் கற்பித்தலை உண்மையில் மாற்றியது சக ஆசிரியை ஒருவர் என் வகுப்பின் பின்வாங்கில் வந்து இருந்ததுதான். அவர் விஞ்ஞானம் கற்பிப்பவர். பாடத்தை மதிப்பிட வேண்டாம், வகுப்பின் இருக்கை வரைபடத்தில் நான் யாரிடம் வினாக் கேட்கிறேன், யார் விடை சொல்கிறார் என்பதை மட்டும் புள்ளியிட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். நாற்பது நிமிடம் முடிந்து அவர் தந்த தாளில் முன்னிரு வரிசைகளும் புள்ளிகளால் நிறைந்திருந்தன. யன்னலோரமாக இருந்த ஏழு பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே ஒரு புள்ளியும் இல்லை. முழு வகுப்பும் என்னோடு சேர்ந்து வருகிறது என்று அன்றுவரை மனதார நம்பியிருந்தேன். முன்வரிசையிலிருந்து விடை சொன்னவர்களுள் பலர் மாலையில் ரியூட்டரியில் அதே அலகை ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர்கள் என்பதும் பிறகுதான் புரிந்தது. அவர்களின் விடையை என் கற்பித்தலின் பலன் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கற்பிக்கிற எவரும் இதனைத் தனியாகச் சிந்திக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அதன்பின் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு பாடத்தை ஒன்றாகத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்ற இருவர் பார்த்து, திருத்தி, அடுத்த பிரிவில் இன்னொருவர் கற்பிப்பது என்று தொடங்கினோம். ஜப்பானிய ஆசிரியர்கள் நீண்டகாலமாகச் செய்துவருகிற பாட ஆய்வு முறை இது. எங்கள் பாடசாலை மட்ட வாண்மை விருத்தி நிகழ்ச்சித்திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஆனால் பல இடங்களில் அந்த நேரம் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றிய கூட்டமாக மாறிவிடுகிறது. நாங்கள் எடுத்தது திசைகொண்ட எண்கள், அதாவது நேர் எண்களும் மறை எண்களும். மறை நான்கிலிருந்து இரண்டைக் கழிக்கச் சொன்னால், "நாலிலை ரெண்டு போனால் ரெண்டு" என்று மறை இரண்டை எழுதுவது எல்லாப் பிரிவிலும் உள்ள பிழை. கிணற்றை எடுத்துக்கொண்டோம். நிலமட்டம் பூச்சியம், நீர்மட்டம் மறை நான்கு மீற்றர், கோடையில் இன்னும் இரண்டு மீற்றர் இறங்கினால் எங்கே நிற்கும் என்று கேட்டதும், வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் மறை ஆறு என்று தயங்காமல் சொன்னார்கள். ஆனால் மறை எண்ணொன்றைக் கழிக்க வேண்டி வந்தபோது கிணறு கைகொடுக்கவில்லை. மறை இரண்டு மீற்றர் இறங்குவது என்றால் என்னவென்று ஒரு மாணவி கேட்டாள். கற்பித்துக்கொண்டிருந்த என்னிடம் விடை இல்லை. அன்று மாலை மூவரும் இருந்து பேசி, அடுத்த பிரிவில் கோலத்தைக் கொண்டு போனோம்: மூன்றிலிருந்து இரண்டு, ஒன்று, பூச்சியம் என்று கழித்துக்கொண்டு போனால் விடை 1, 2, 3 என ஏறுகிறது, அடுத்து மறை ஒன்றைக் கழித்தால் என்ன வரவேண்டும்? பிள்ளைகளே நான்கு என்றார்கள். ஓர் உவமை எதுவரை வரும், எங்கே முறியும் என்பதை எந்தச் சான்றிதழ்க் கற்கையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. பாட அறிவு வேறு, அப்பாடத்தைக் கற்பிக்கும் அறிவு வேறு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ சுல்மன் 1986 இல் எழுதியதை டிப்ளோமாப் பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். அதன் பொருள் அந்த மாணவியின் கேள்வியில்தான் விளங்கியது.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணிதத்துக்கு ஜியோஜிப்ரா என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள்; கேத்திரகணிதத்திலும் வரைபுகளிலும் கரும்பலகையால் முடியாததைக் காட்டலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளத்தில் பாடநூல்களும் பயிற்சிகளும் உண்டு. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஆசிரியர்களுக்காக வெளிவந்த 'அகவிழி' சஞ்சிகையின் பழைய இதழ்கள் இருக்கின்றன. கல்வியியலைத் தமிழில் வாசித்து விளங்கிக்கொள்ள அவை எனக்கு மிகவும் உதவின. ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கத்தையும் விடாதீர்கள், ஏனெனில் கணிதக் கல்வி பற்றிய ஆய்வுகளுள் தமிழில் கிடைப்பவை மிகக் குறைவு. கோப்பாய் ஆசிரிய கலாசாலையும் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் வேறு வழியில் சேவைக்கு வருகிறவர்களுக்கானவை. ஆனால் அங்கே பயின்று வந்த ஒருவர் உங்கள் பாடசாலையில் இருந்தால் அவரிடம் கேட்டுக் கற்கத் தயங்க வேண்டாம். பட்டதாரிகளான எங்களுக்குக் கிடைக்காத வகுப்பறைப் பழக்கம் அவர்களிடம் உண்டு. கல்வியில் முதுமாணி செய்வதைச் சில ஆண்டுகள் பிற்போடலாம் என்பேன். வகுப்பில் உங்களைத் தொந்தரவு செய்கிற ஒரு கேள்வி கையில் இருக்கும்போது போனால், ஆய்வுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியிராது.

உங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு நீங்கள் ஒருவரே இருக்கக்கூடும், பின்வாங்கில் யாரை இருத்துவது என்று கேட்பீர்கள். இருக்கை வரைபடத்தில் புள்ளியிடுவதற்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் ஆசிரியரும் செய்யலாம், சங்கீத ஆசிரியரும் செய்யலாம். குறிகாட்டுவானிலிருந்து படகில் போகும் ஒரு மணி நேரத்தில் தீவின் பல பாடசாலை ஆசிரியர்களும் ஒன்றாக இருக்கிறீர்கள். கோட்டத்திலுள்ள மற்றக் கணித ஆசிரியர்களை அங்கேயே சந்திக்கலாம். கொப்பி ஒன்றைத் திறந்து, இந்தப் பிழையை உங்கள் பிள்ளைகளும் விடுகிறார்களா என்று கேட்பதோடு தொடங்கலாம். தீவகத்தில் இருந்தபோது இதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை, அந்த ஐந்து ஆண்டுகளையும் படகில் நித்திரை கொண்டே கழித்தேன் என்பது இன்றும் எனக்குக் கவலை. அடுத்த ஆண்டு நேரசூசி போடுமுன் அதிபரிடம் போய், நீங்களும் உங்களைப் பார்க்க வருபவரும் ஒரே வேளையில் ஓய்வாக இருக்கும்படி வாரத்தில் ஒரு பாடவேளையையும், அவர் உங்கள் வகுப்புக்கு வரக்கூடிய இன்னொரு பாடவேளையையும் கேளுங்கள். நேரசூசி போட்டு முடிந்தபின் கேட்டால் எந்த அதிபராலும் அதனைத் தர முடியாது.