ஆழமான துளைக்குள் இருக்கும் ஸ்குரூக்களுக்கு மெல்லிய பிட்டும் அடாப்டரும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கையில் ஒரு இம்பாக்ட் டிரைவரும் (எதிர்ப்பு வந்தால் சுத்தியல் மாதிரி அடித்துத் திருப்பும் மிஷின்) ஒரு சாதாரண கார்ட்லெஸ் டிரில்லும் இருக்கின்றன, பிளாஸ்டிக் மூடிகளில் ஆழமான துளைக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்ற எந்த மெல்லிய பிட் (மிஷினில் மாட்டும் ஸ்குரூடிரைவர் முனை) வாங்குவது என்பது ஒன்று. ஏற்கெனவே இருக்கும் 4 மி.மீ. சின்ன பிட் செட்டை ஒரு அடாப்டர் போட்டு இந்த மிஷின்களில் மாட்டலாமா என்பது இன்னொன்று. சுருக்கமாகச் சொன்னால், ஆழமான துளைக்கு அடாப்டர் தேடாதீர்கள், 6.35 மி.மீ. ஆறுபட்டை அடிப்பகுதியோடு ஒரே துண்டாக வரும் நீளமான மெல்லிய பிட்டையே வாங்குங்கள். 4 மி.மீ. செட்டை அடாப்டரோடு டிரில்லில், கிளட்சை (முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் சுற்றலைத் துண்டிக்கும் அமைப்பு) குறைத்து வைத்துப் பயன்படுத்தலாம். இம்பாக்ட் டிரைவரில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் துளையைப் பாருங்கள். அந்த ஸ்குரூவே அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது, அதாவது துளை ஸ்குரூ தலையை விடப் பெரியது, பிட்டின் நுனியோ எப்போதும் தலையை விடச் சின்னது. அதனால் நுனி மாட்டிக்கொள்வது கிடையாது, மாட்டுவது அதற்குப் பின்னால் வரும் பகுதி. ஒரு எம்3 பேன் ஹெட் ஸ்குரூவை (3 மி.மீ. மரை, அடிப்பக்கம் தட்டையான உருண்டைத் தலை) எடுத்துக்கொள்ளுங்கள், தலை ஏறக்குறைய 5.6 மி.மீ. இருக்கும், துளையை 6.5 அல்லது 7 மி.மீ. அளவில் விட்டிருப்பார்கள். சாதாரண 25 மி.மீ. பிட்டின் ஆறுபட்டை அடிப்பகுதி, பட்டைக்குப் பட்டை அளந்தால் 6.35 மி.மீ., ஆனால் மூலைக்கு மூலை அளந்தால் 7.3 மி.மீ. அங்கேயே தட்டி நின்றுவிடும். அதைப் பிடித்திருக்கும் பிட் ஹோல்டரின் வெளி விட்டம் 10 மி.மீ.க்குக் குறைவாக இருப்பது அபூர்வம், அது துளையின் வாய்க்கே வராது. வற்புறுத்தி அழுத்தினால் ஹோல்டரின் விளிம்பு துளை ஓரத்தை உரசி, பிளாஸ்டிக் வெள்ளைத் தூளாக உதிரும், நுனியோ ஸ்குரூவில் பாதிதான் உட்கார்ந்திருக்கும், அந்த நிலையில் டிரிக்கரை அழுத்தினால் தலையில் இருக்கும் குறுக்குப் பள்ளம் வட்டக் குழியாகிவிடும். பிறகு அந்த ஸ்குரூவை எடுப்பது தனி வேலை.

ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு அளவு எடுங்கள்: துளையின் விட்டம், துளையின் ஆழம். விட்டத்துக்கு வெர்னியர் இருந்தால் நல்லது, ஆழத்துக்கு ஒரு மெல்லிய குச்சியை ஸ்குரூ தலை தட்டும் வரை விட்டு, விளிம்பில் விரல் நகத்தால் பிடித்து அளந்தால் போதும். ஆழம் 40 மி.மீ. என்று வந்தால், பிட்டின் மெல்லிய கழுத்தின் நீளம் மட்டுமே 40 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நீளம் பெரும்பாலும் முழு நீளம். 75 மி.மீ. பிட் என்றால் 75-உம் மெல்லியதாக இருக்காது, அடிப்பகுதி ஆறுபட்டையாகவே கணிசமான தூரம் வரும். கழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள், இணையத்தில் வாங்குவதாக இருந்தால் அளவுப்படம் போட்டிருக்கும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

"மெல்லிய பிட்" என்ற பெயரில் மூன்று வேறு வேறு பொருள்களை விற்கிறார்கள், பாதி குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது. ஒன்று, அடியில் முழு 6.35 மி.மீ. ஆறுபட்டை, அதற்கு மேல் 3, 3.5, 4 மி.மீ. என்று இளைத்த நீளமான உருண்டைக் கழுத்து. உங்களுக்கு வேண்டியது இது. இரண்டாவது, முழுக்க 4 மி.மீ. ஆறுபட்டையாக, சுமார் 28 மி.மீ. நீளத்தில் வரும் குட்டி பிட்டுகள், கைபேசி, மடிக்கணினி பழுது பார்க்கும் செட்டுகளிலும் பேனா வடிவ மின்சார ஸ்குரூடிரைவர்களிலும் வருபவை. மூன்றாவது, எலக்ட்ரீஷியன்களுக்கான மின்காப்பு போட்ட மெல்லிய பிட்டுகள். இவற்றை அந்தந்தத் தயாரிப்பாளரின் கைப்பிடிக்கென்று வடிவமைத்திருப்பார்கள், ஒரு கம்பெனி பிட் இன்னொரு கம்பெனி கைப்பிடியில் பாதுகாப்பாக உட்காரும் என்று நம்பக் கூடாது. மின்காப்புக் கருவிகளுக்கான தரநிலை ஐஇசி 60900, அதில் சொல்வது 1000 வோல்ட் ஏ.சி., 1500 வோல்ட் டி.சி. வரையான வேலை. சாதாரண பிட்டின் மேல் டேப் சுற்றியோ ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் குழாய்) போட்டோ நீங்களே "காப்பு" செய்துகொள்ளாதீர்கள், அதற்கு எந்தச் சோதனையும் கிடையாது, உயிரோடு விளையாடும் விஷயம்.

சரி, உங்கள் 4 மி.மீ. செட். அடாப்டர் என்பது ஒரு முனையில் 6.35 மி.மீ. ஆறுபட்டையும் மறுமுனையில் 4 மி.மீ. துளையும் உள்ள சின்னக் குழல். 4 மி.மீ. ஆறுபட்டைக்கு மூலைக்கு மூலை 4.6 மி.மீ. வரும், குழலின் சுவர் இரு பக்கமும் தலா 1 மி.மீ. வைத்தாலே வெளி விட்டம் 6.6 ஆகிவிடுகிறது, சந்தையில் வருபவை பெரும்பாலும் இதை விடத் தடிமன். ஆக, பிட் மெல்லியதாக இருந்தாலும் துளைக்குள் போகும் ஆழத்தை முடிவு செய்வது அடாப்டர்தான். 28 மி.மீ. பிட்டில் அடாப்டருக்குள் புதைந்தது போக வெளியே நிற்பது 20 மி.மீ.க்குள். மேலோட்டமான ஸ்குரூவுக்கு அது தாராளம், உங்கள் ஆழத் துளைக்கு உதவாது. அடாப்டருக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன், அதற்குப் பின்னால் ஒரு ஹோல்டர் என்று அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆட்டம் சேரும், கடைசியில் நுனி வட்டமடிக்கும். பிஎச்0, பிஎச்00 மாதிரி சின்ன தலைகளில் (பிஎச் என்பது பிலிப்ஸ் குறுக்குப் பள்ளம், எண் அதன் அளவு) அந்த ஆட்டமே பள்ளத்தை அரித்துவிடும்.

இதற்கு ஒரு எளிய வழி: உங்கள் டிரில்லில் மூன்று தாடை சக் (பிட்டை இறுக்கிப் பிடிக்கும் வாய்) இருக்கிறது அல்லவா, அதற்கு அடாப்டரே தேவையில்லை. மூன்று தாடையும் ஆறுபட்டையும் நன்றாகப் பொருந்தும், ஒன்றுவிட்டு ஒரு பட்டையை ஒவ்வொரு தாடை பிடித்துக்கொள்ளும். 10 அல்லது 13 மி.மீ. சக் என்றாலும் தாடைகள் 2 மி.மீ. வரை மூடும், ஆகவே 4 மி.மீ. பிட்டை நேராகப் பிடிக்கலாம். 28 மி.மீ. குட்டியைப் பிடித்தால் பாதியைச் சக்கே விழுங்கிவிடும் என்பது மட்டும்தான் குறை, 4 மி.மீ. ஆறுபட்டையிலேயே நீளமான பிட் கிடைத்தால் அது அருமையாக வேலை செய்யும். இறுக்கியதும் வெறுமனே மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைக் கவனியுங்கள். நுனி ஒரு புள்ளியாகத் தெரிந்தால் சரி, வளையமாகத் தெரிந்தால் கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

இப்போது இம்பாக்ட் டிரைவர் ஏன் கூடாது என்பது. ஒரு தண்டு முறுக்கைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப மாறுகிறது. 6.35-லிருந்து 4 மி.மீ.க்கு இறங்கினால் அதே எஃகில் வலிமை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 3.5 மி.மீ. கழுத்தென்றால் ஆறில் ஒரு பங்கு, 3 மி.மீ. என்றால் பத்தில் ஒரு பங்கு. பார்க்கக் கொஞ்சம்தானே மெலிந்திருக்கிறது என்று தோன்றும், கணக்கு அப்படி இல்லை. பிளாஸ்டிக்கில் ஏறும் எம்3 அளவு ஸ்குரூவுக்கு வேண்டிய முறுக்குவிசை பெரும்பாலும் 1 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கிவிடும், 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவரோ 150 நியூட்டன் மீட்டரையும் தாண்டக்கூடியது. அதோடு அதில் கிளட்ச் கிடையாது. எதிர்ப்பு வந்ததும் உள்ளே சுத்தியல் மாதிரி அடிக்கத் தொடங்கும், அந்த அடியை வாங்குவது உங்கள் மெல்லிய கழுத்து. "இம்பாக்ட் ரேட்டட்" என்று எழுதியிருக்கும் பிட்டுகளில் நடுவில் கழுத்து இளைத்திருக்கும், முறுக்கை உள்வாங்கிக் கொஞ்சம் திரும்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. அதைப் பார்த்துவிட்டு மெல்லிய கழுத்துள்ள எல்லாமே இம்பாக்டுக்கு ஆனது என்று நினைக்கக் கூடாது, பாக்கெட்டில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் மாட்டுங்கள். பயன்படுத்திய பிட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நுனியின் நான்கு சிறகுகளும் நேராக இல்லாமல் லேசாக ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் அது தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்து உடையும்போது துண்டு துளைக்குள்ளேயே நிற்கும்.

இம்பாக்ட் டிரைவரில் தடிமனான பிட்டுகள் போடும்போதும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். 25 மி.மீ. குட்டை பிட்டுக்கு, பிட் அடிப்பகுதிகளுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 1173-இல் சி 6.3 என்று பெயர், சுற்றுப் பள்ளம் உள்ள நீளமான பவர் பிட்டுக்கு ஈ 6.3. இழுத்து விடும் வளையம் உள்ள மிஷின் வாய், அந்தப் பள்ளத்தில் குண்டு விழுந்துதான் பிட்டைப் பூட்டுகிறது. குட்டை பிட்டை நேராகச் செருகினால் பூட்டாது, ஹோல்டர் வேண்டும். பள்ளம் இருந்தாலும் அது அடிமுனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் இரண்டு வகை உண்டு, ஒன்று சுமார் 9 மி.மீ., இன்னொன்று 13–14 மி.மீ. ஆழமான வாய் உள்ள மிஷினில் 9 மி.மீ. வகையைப் போட்டால் பிட் உள்ளே அதிகம் போய்ப் பூட்டாமல் நிற்கும், அதற்காக பிட் பீஸ் என்று ஒரு சின்ன உலோகத் துண்டை முதலில் உள்ளே போடச் சொல்வார்கள், மின்கருவி நிறுவனமான மக்கீட்டாவின் கையேடுகளில் படத்தோடே இருக்கும். புது பிட் வழுக்கி வெளியே வருகிறது என்றால் பிட்டைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

அப்புறம் "கால் இஞ்ச்" என்ற வார்த்தை. 6.35 மி.மீ. ஆறுபட்டையும் கால் இஞ்ச், பாக்ஸ் ஸ்பேனர் செட்டின் சதுர முனையும் கால் இஞ்ச்தான். இரண்டும் ஒன்றில் ஒன்று போகாது. கையால் சுத்தியல் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ஸ்குரூடிரைவர் பிட்டுகளில் 8 மி.மீ. ஆறுபட்டையும் வரும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உங்கள் ஹோல்டரில் ஏறாது. மலிவு செட்டுகளில் 6 மி.மீ., 5 மி.மீ. அடிப்பகுதியும் கலந்து வருவதுண்டு, 6 மி.மீ. பிட் 6.35 ஹோல்டரில் உள்ளே போய்விடும், ஆனால் லொடலொடவென்று ஆடி மூலைகளைத் தேய்க்கும். அதனால் எப்போதும் பட்டைக்குப் பட்டை அளந்து பாருங்கள்.

நுனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பிஎச்சும் (பிலிப்ஸ்) பிஇசட்டும் (போசிடிரைவ்) வேறு, எம்3-க்கு பெரும்பாலும் பிஎச்1, எம்4-க்கு பிஎச்2. டார்க்ஸ் என்பது ஆறு முனை நட்சத்திரப் பள்ளம், அதன் அளவுகளை டி10, டி20 என்று சொல்வார்கள். நடுவில் குமிழ் உள்ள பாதுகாப்பு டார்க்ஸுக்குத் துளை உள்ள நுனி வேண்டும், டி10-இன் குறுக்களவே 2.8 மி.மீ.தான், அதில் துளையும் போட்டால் மிஞ்சும் சுவர் மிக மெல்லியது, அதை நான் மிஷினில் போடுவதே இல்லை, கையால்தான். காந்த நுனி ஆழத் துளைக்கு ரொம்ப உதவும், கழற்றிய ஸ்குரூ நுனியிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆனால் கழுத்தில் மாட்டும் காந்த வளையம் வாங்காதீர்கள், அது துளைக்குள் போகாது.

வேலை செய்யும்போது: டிரில்லை 1-ஆம் கியரில் வையுங்கள், கிளட்ச் வளையம் மிகக் குறைந்த எண்ணில். அந்த எண்கள் நியூட்டன் மீட்டர் அல்ல, வெறும் படிகள், ஒவ்வொரு மிஷினிலும் வேறு. இறுக்கமாகப் பிடித்திருக்கும் ஸ்குரூவின் முதல் கால் சுற்றையும், திரும்ப மாட்டும்போது கடைசி இறுக்கலையும் கையால் செய்துவிட்டு, நடுவில் இருக்கும் நீண்ட சுற்றலை மட்டும் மிஷினுக்கு விடுங்கள். மெல்லிய பிட் உடையாமல் நீண்ட நாள் வருவதற்கு இந்தப் பழக்கம், விலை உயர்ந்த எஃகை விட அதிகம் உதவும் என்பது என் அனுபவம். நீளமான மெல்லிய பிட்டை ஸ்குரூவில் உட்காராமல் காற்றில் வேகமாகச் சுற்றவிடாதீர்கள், வளைந்து சாட்டை மாதிரி வீசும். நுனி பள்ளத்தில் உட்கார்ந்த பிறகு டிரிக்கர்.

என்ன வாங்குவது என்று கேட்டால்: பிஎச்1, பிஎச்2, டி10, டி20 நுனிகளில் 100 மி.மீ. அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல் நீளமுள்ள, துளை அனுமதிக்கும் அளவுக்குத் தடித்த கழுத்துள்ள ஒரே துண்டு பிட்டுகள். 4 மி.மீ. கழுத்து நுழையும் இடத்தில் 3 மி.மீ. வாங்க வேண்டாம். இதோடு 4 மி.மீ. அடாப்டர் ஒன்றே ஒன்று, காந்தம் மட்டும் இல்லாமல் உள்ளே குண்டோ ஸ்பிரிங் வளையமோ வைத்து பிட்டைப் பிடிக்கும் வகையாகப் பார்த்து. காந்தம் மட்டும் இருந்தால் ஸ்குரூ இறுக்கமாகப் பிடிக்கும்போது பிட் துளையிலேயே தங்கி, வெறும் அடாப்டர் மட்டும் கையோடு வரும். கடையிலேயே உங்கள் பிட் ஒன்றை அதில் செருகி, விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.