மின்சாரம் திரும்பியும் நெட்வொர்க் வரவில்லை: குற்றவாளி ஸ்விட்ச்தானா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர்களும் ஒரு பிரிண்டரும் எட்டு போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றில் இணைந்திருக்கின்றன. மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் இரண்டு கம்ப்யூட்டர்களில் இணையம் வருவதில்லை. அவற்றிலிருந்து பிரிண்ட்டும் எடுக்க முடிவதில்லை. ஸ்விட்சின் அடாப்டரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடுகிறது. கம்ப்யூட்டர்களுக்கு யூபிஎஸ் உண்டு. ஸ்விட்சும் ரவுட்டரும் சுவர் பிளக்கில்தான் இருக்கின்றன. "ஹை வோல்டேஜில் ஸ்விட்ச் அடிபட்டுவிட்டது, மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் வகை) போட்டுவிடுங்கள்" என்கிறார் விற்ற கடைக்காரர். வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. உத்தரவாதத்தில் மாற்றித் தரச் சொல்லலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஹை வோல்டேஜில் கருகிய போர்ட், அடாப்டரைக் கழற்றி மாட்டினால் பிழைத்து வராது, போனது போனதுதான். உங்களுடையது ஒவ்வொரு முறையும் பிழைத்துக்கொள்கிறது. அதனால் கடைக்காரர் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான். மின்சாரம் வந்ததும் ஸ்விட்ச் சில விநாடிகளில் தயாராகிவிடும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர், கேபிளில் இணைப்பு வந்ததைக் கண்டவுடன் ரவுட்டரிடம் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டும் எண்) கேட்கிறது. ரவுட்டரோ இன்னும் பதில் சொல்லும் நிலைக்கு வரவில்லை. கேட்டுப் பார்த்து ஓய்ந்த விண்டோஸ், 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு இணையத்துக்கும் போக முடியாது, பிரிண்டரையும் எட்ட முடியாது. நீங்கள் அடாப்டரைக் கழற்றி மாட்டும்போது எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் இணைப்பு ஒருமுறை அறுந்து திரும்புகிறது. அவை மறுபடியும் முகவரி கேட்கின்றன. அதற்குள் ரவுட்டர் தயாராகியிருக்கிறது. மருந்து ஸ்விட்சுக்குக் கொடுத்ததால் நோயும் அதற்குத்தான் என்று தோன்றிவிடுகிறது. மற்ற இரண்டு கம்ப்யூட்டர்கள் தப்பிப்பதற்கும் காரணம் இருக்கலாம்: அவற்றில் யாராவது முகவரியை நிரந்தரமாக எழுதி வைத்திருப்பார்கள், அல்லது அவை சற்றுத் தாமதமாக இயக்கப்படுகின்றன.

சோதித்துப் பார்ப்பது எளிது. அடுத்த முறை ஸ்விட்சைத் தொடாதீர்கள். மூன்று நிமிடம் பொறுத்து, இணையம் வராத கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைத் தட்டுங்கள். 169.254 தெரிந்தால், அந்த ஒரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிச் செருகுங்கள். அது உயிர் பெற்றால் ஸ்விட்ச் நிரபராதி.

உயிர் பெறவில்லை, ஸ்விட்சைக் கழற்றி மாட்டினால்தான் வருகிறது என்றால், அடுத்து அடாப்டரைச் சந்தேகியுங்கள். மலிவான அடாப்டர்களில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வெப்பத்தில் நாளடைவில் தளர்ந்துவிடும். விளக்குகள் எரியும், ஆனால் மின்னழுத்தம் தடுமாறும். மின்சாரம் வரும்போது இரண்டு முறை விட்டுவிட்டு வந்தால் போதும், ஸ்விட்ச் பாதியில் தொங்கிவிடும். வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். ஆனால் ஸ்விட்சின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் படிக்காமல் போடாதீர்கள். ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர், 5 வோல்ட் ஸ்விட்சின் துளையிலும் பல நேரங்களில் அச்சாகப் பொருந்தும். அப்படி மாட்டினால், இதுவரை போகாத ஸ்விட்ச் அன்றைக்குப் போய்விடும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். கூட்டல், கழித்தல் குறி வரைந்த சின்ன வட்டப் படமும் ஒத்துப்போக வேண்டும்.

செலவு செய்யத்தான் வேண்டுமென்றால் மின்சாரத்துக்குச் செய்யுங்கள். கம்ப்யூட்டர் ஓடுகிறது, அதை இணைக்கும் பெட்டிகள் அணைந்து கிடக்கின்றன என்பது அரைகுறை ஏற்பாடு. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் ஏதாவது ஒரு யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் இழுப்பதில் சிறு பங்குகூட இழுக்காது. யூபிஎஸ்ஸில் இடமில்லை என்றால் ரவுட்டருக்கென விற்கும் மினி யூபிஎஸ் வாங்கலாம். அதிலும் 12 வோல்ட் மட்டும் தருபவை உண்டு. உங்கள் ஸ்விட்ச் 5 வோல்ட் என்றால் இரண்டும் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் இன்வெர்ட்டர் இருந்து அதில் இவற்றை மாட்டினால், அதன் பின்புறமுள்ள பொத்தான் 'யூபிஎஸ்' பக்கம் இருக்கட்டும். 'நார்மல்' பக்கம் இருந்தால் மாறும் அந்த நொடிப்பொழுதில் ரவுட்டர் அணைந்து எழக்கூடும். பலர் வீட்டில் அந்தப் பொத்தான் மெக்கானிக் வைத்துவிட்டுப் போன நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

மேனேஜ்டு ஸ்விட்ச் உங்களுக்கு எதற்கு? நான்கு கம்ப்யூட்டர் கடையில் அதன் வசதிகளில் எதையும் தொட மாட்டீர்கள். பல மாடல்களில் அமைப்புகளை மாற்றிவிட்டுச் சேமிக்க மறந்தால் மின்சாரம் போனதும் அவையும் போய்விடும். இருக்கும் தலைவலிக்கு இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குவானேன்.

உத்தரவாதம் பற்றி: சிறிய ஸ்விட்சுகளுக்குப் பல நிறுவனங்கள் மூன்று ஆண்டு தருகின்றன. அடாப்டருக்குத் தனிக் காலக்கெடு இருக்கக்கூடும், அட்டையைப் பாருங்கள். மின்னழுத்த ஏற்றத்தால் வந்த சேதத்தைப் பொதுவாக உத்தரவாதத்திலிருந்து விலக்கியே வைத்திருப்பார்கள். ஆகவே சேவை மையத்துக்குப் போனால், கடைக்காரர் சொன்ன காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். பில்லும் வரிசை எண்ணும் கையில் இருக்கட்டும்.

முறையான கோரிக்கையையும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். வணிகத்துக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று சொல்லப் பார்ப்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. புகார் மனுவில் அந்த வரியை மறக்காமல் எழுதுங்கள்.