மலைநகரில் மின்சாரக் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீடு ஹட்டன் நகரை அண்டி, வீதியிலிருந்து நாற்பது படி கீழே இருக்கிறது. கார் மேலே வீதியோரத்தில்தான் நிற்கும். வீட்டிலிருந்து வயர் இழுத்து சார்ஜ் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். 13 அம்பியர் செருகியில் மணிக்கணக்காக மின்னேற்றுவதென்றால் 10 அம்பியருக்கு மேல் எடுக்காமலிருப்பதே பாதுகாப்பு. அந்த அளவுக்கே 2.3 கிலோவாட் சுமை இரவு முழுவதும் ஓடும். சாதாரண நீட்டிப்பு வயர் சுருண்டு கிடந்தால் சூடேறி உருகும். மழையில் நனைந்தால் படியேறி வருபவரின் உயிருக்கே ஆபத்து. பழைய தோட்ட லயன் வீடாக இருந்தால் புவித்தொடுப்பு (எர்த்) சரியாக இருக்கிறதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்க்காமல் காரை இணைக்கவே கூடாது.

உங்களைப் போல வீட்டோடு தரிப்பிடம் இல்லாதவர்கள் மலையகத்தில் ஏராளம். அதனால்தான் பொது மின்னேற்றி எத்தனை என்பதைவிட, அது இரவில் எங்கே இருக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். நகரத்தின் நடுவே 50 கிலோவாட் விரைவு மின்னேற்றி ஒன்றை வைக்கத் தேவைப்படும் மின்வலுவில், இரவுத் தரிப்பிடத்தில் 7 கிலோவாட் மின்னேற்றிக் கம்பங்கள் ஏழு வைக்கலாம். மின்சாரத் தேவை குறைந்த இரவு 10.30 முதல் காலை 5.30 வரையான ஏழு மணிநேரத்தில் ஒவ்வொன்றும் 49 அலகு தரும். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை நிரப்ப அதில் பாதியே போதும். நாட்டுக்கு நீர்மின்சாரம் தரும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரையில் வாழ்பவர்கள் இதை நகர சபையிடம் உரிமையோடு கேட்கலாம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் வைத்திருக்கிறேன். நகரில் மின்னேற்றி இருந்தும் என் காருக்குப் பொருந்தவில்லை. ஏன்?

உங்கள் காரில் விரைவு மின்னேற்றத்துக்கு சாடெமோ, மெதுவானதற்கு டைப் 1 என இரண்டு வாய்கள் உண்டு. அண்மைக் காலத்தில் வந்த சீனக் கார்கள் பலவும் விரைவுக்கு சிசிஎஸ் 2, மெதுவானதற்கு டைப் 2 என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. புதிய நிலையங்களும் அவற்றையே முன்னிட்டு அமைகின்றன. கேபிள் இணைக்கப்படாத டைப் 2 கம்பமாக இருந்தால், ஒரு முனை டைப் 2, மறுமுனை டைப் 1 ஆக உள்ள கேபிளைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விரைவு மின்னேற்றத்துக்கு அப்படி எளிய வழி இல்லை என்பதால், புறப்படுமுன் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, சாடெமோ இருக்கிறதா, இன்று வேலை செய்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள்.

நுவரெலியா மழையில், பனிமூட்டத்தில் சார்ஜ் செய்வது ஆபத்தா?

இல்லை. காரும் மின்னேற்றியும் இணைப்பைச் சரிபார்த்த பிறகே மின்சாரம் பாயும். கேபிள் முனையை ஈரத் தரையில் போடாதீர்கள். வெடிப்போ கருகலோ தெரிந்தால் தொடாதீர்கள். குளிர் இரவுக்குப் பின் காலையில் விரைவு மின்னேற்றம் மெதுவாக ஏறினால் அது பழுதல்ல, பற்றரி குளிர்ந்திருப்பதன் விளைவு.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போக எவ்வளவு சார்ஜ் வேண்டும்? கிலோமீற்றர் கணக்கு பொய்த்துவிடுகிறதே.

மலையில் தூரத்தோடு உயரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். கம்பளையை விட நுவரெலியா சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு மேலே தூக்குவதற்கே ஏறத்தாழ 7 அலகு செலவாகும்; சமதரையில் ஓடுவதற்கான செலவு இதற்கு வெளியே. 24 அலகு பற்றரியோடு வந்த லீஃப், வயதாகி 15 அலகுக்குத் தேய்ந்திருந்தால், கிட்டத்தட்ட பாதியை ஏற்றமே எடுத்துவிடும் என்பதால், கம்பளையில் நிரப்பிக்கொண்டே ஏறுங்கள்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. இறக்கத்தில் மோட்டார் மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். நிறைந்த பற்றரியில் அதற்கு இடமிருக்காது. அப்போது சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழுவதால், றம்பொடை வளைவுகளில் அது சூடேறும். ஆகவே மேலே எழுபது, எண்பது சதவீதத்தோடு நிறுத்தி, மின்னேற்றியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து இறங்குங்கள்.