ஸ்கேல் தெரிகிறது, ப்ளூஸ் வரவில்லை: பதில்

தம்பி, ஆறு மாதமா கிதாரில் ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர ஸ்கேலை வாசித்தும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை மாதிரி கேட்கவில்லை, சர்ச் கொயர் பழக்கம்தான் காரணமோ என்று கேட்டிருந்தீர்கள். கொயர் காரணமில்லை. அந்த ஸ்கேல் நம்ம சுத்த தன்யாசி ராகத்தின் அதே ஐந்து சுரங்கள்தான். நாகஸ்வரக்காரர் சுரத்தை வளைத்து இழைத்துத்தானே கொண்டுபோவார், ப்ளூஸுக்கும் உயிர் அங்கேதான். மூன்றாவது கம்பி, ஐந்தாவது ஃப்ரெட் (கிதார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டு): அங்கே அழுத்தி, கம்பியைப் பக்கவாட்டில் கொஞ்சமே கொஞ்சம், அடுத்த ஃப்ரெட்டின் சுருதியைக்கூட எட்டாத அளவுக்குத் தள்ளிப் பாருங்கள், மைனரும் இல்லாமல் மேஜரும் இல்லாமல் ஒரு ஏக்கம் வரும். எனக்கு இந்த இசையில் அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. அப்புறம் அதே கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டைத் தள்ளி ஒன்பதாவதின் சுருதியைத் தொட வேண்டும், முதலில் ஒன்பதை வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகம் வேண்டாம். ப்ளூஸ் மேதை பி.பி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், பாடிய வரிக்குக் கிதார் பதில் சொல்லும். இன்றைக்கு வாசிப்பவர்களில் அமெரிக்கக் கிதார் கலைஞர் டெரக் ட்ரக்ஸைக் கேளுங்கள். இந்துஸ்தானி மேதை அலி அக்பர் கானின் சரோத் வாசிப்பில் ஈடுபாடு கொண்டவர் ட்ரக்ஸ், விரலில் குழாய் மாட்டிக் கம்பியில் வழுக்கி வாசிக்கும் அவருடைய ஸ்லைடில் அது தெரியும்.

குளச்சலில் கடலோர வீடு என்றீர்களே, உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வளைக்கும்போது ஃப்ரெட்டில் உரசும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுங்கள்.